சூடு ஆறாத காபி

மஆனிலிருந்து கிளம்பிய வேன் பாலைவனச் சாலையில் தலைநகர் அம்மானை நோக்கிப் பறந்தது. ரக்கானுக்குப் பெண் கேட்கப் போகும் கூட்டம் அது.

"மாப்ள, பொண்ணக் கேட்டு, அவங்க 'தந்தோம், குடிங்க'ன்னு சொல்ற வரைக்கும் யாரும் காபியத் தொடக்கூடாது. முந்திக் குடிச்சா, ஒண்ணும் கேக்க வரலன்னு அர்த்தமாயிடும்!" என்று சீண்டினான் சித்தப்பா மகன்.

"கேக்கப்போறது ஹாயில் மாமா. நீ வாயக் கட்டு போதும்" என்றான் ரக்கான்.

கல்யாணமே செய்துகொள்ளாத ஹாயில் மாமா முதலில் வர மறுத்தார். பெண் வீட்டார் யாரென்று கேட்டதும் சம்மதித்துவிட்டார். வழியில் எந்தக் கடையிலும் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை.

"தாகமா இல்லையா மாமா?"

"இருக்குடா. அங்க போய்க் குடிக்கிறேன்."

பெண் வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. எல்லாம் முன்பே பேசி முடித்தாயிற்று, இனி சடங்குதான். பெண்ணின் அப்பா மம்தூஹ் சிரித்தபடி காபியை நீட்டினார். கதவிடுக்கில் மணப்பெண் ரஹஃபின் கண்கள் தெரிந்தன.

மாமா வாங்கிய கோப்பையை வழக்கப்படி கீழே வைக்கவில்லை. எதுவும் கேட்காமல், ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

"மாமா!" அலறினான் ரக்கான்.

மாமா மீசையைத் துடைத்துக்கொண்டு மம்தூஹைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் முன்னால உங்க தங்கச்சியக் கேட்டு இதே கூடத்துல உக்காந்திருந்தேன். பதிலே சொல்லாம என் காபிய ஆறவிட்டீங்க. இன்னிக்குத்தான் சூடாக் குடிச்சேன்."

எழுந்தார்.

"காபி பிரமாதம். நாங்க ஒண்ணும் கேக்க வரல. வண்டிய எடுங்கடா!"