வலிக்காத வீழ்ச்சி

கரும்பலகையை நடுவில் கோடு போட்டு அவலம், நகைச்சுவை என்று பிரித்துவிட்டு, பழைய நாடகத்து அரசன் எப்படிச் சரிந்தான் என்பதைக் கை வீசிக் காட்டுகிறார் பேராசிரியர். வீசிய கை பட்டு மேசைமேல் இருந்த தண்ணீர் ஜக் உருள்கிறது. கொட்டியவர் இவர், துடைக்க வருபவள் துப்புரவுக்கார அக்கா. மேடையேறியவள் ஈரத்தில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றித் தொப்பென்று விழுகிறாள். வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த பூரிப்பு பேராசிரியர் முகத்தில். “பாத்தீங்களா? பெரியவன் விழுந்தா அவலம். சாதாரண ஆளு விழுந்தா நகைச்சுவை. யாருக்கும் வலிக்கல பாருங்க!” அவளைக் கேட்டுவிட்டுச் சொல்வதைப் போல அத்தனை நிச்சயம். முப்பது வருஷமாக மனிதர்கள் விழுவதைப் பற்றியே வாய் கிழியப் பேசுகிறவருக்கு, விழுந்தவளைத் தூக்கிவிடத் தோன்றவில்லை. பாவம், கையில் சாக்பீஸ் இருக்கிறது. சன்னல் வெயில் ஈரத்தில் மினுங்குகிறது. அவள் எழுந்து, வீங்கத் தொடங்கிய மணிக்கட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இடது கையால் துடைக்கிறாள். “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.” “ஏம்மா, நானும் விழுந்துடுவேன்னு பயமா?” வகுப்பைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். “ஆமா சார். நீங்க விழுந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க. என் வேலைதான் போகும்.” பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார். பிறகு திரும்பி, நகைச்சுவைக்குக் கீழே எழுதுகிறார்: யாருக்கும் வலிக்காத வீழ்ச்சி. ஐம்பது பேனாக்கள் தலை குனிந்து, ஓர் எழுத்துப் பிசகாமல் அதைப் படியெடுக்கின்றன.