வாழையில் கட்டிய கயிறு

"வாழை மரத்திலை கயிறு கட்டி ஆராவது கிணத்துக்குள்ளை இறங்குவினமோ, தம்பி?"

துப்பறியும் நாவலாசிரியர் செபநாயகம் கேட்டுவிட்டுத் தன் கேள்வியைத் தானே ரசித்தார். எதிரே இருந்த சிவரூபன் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவன். பக்கத்துத் தோட்டத்துப் பரமலிங்கத்தைக் கொன்றதாகப் பதின்மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டு, போன தைப்பொங்கலுக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தான்.

"இறங்கமாட்டினம் சேர். ஆள் பாரத்துக்கு வாழை சரிஞ்சிடும்."

"உம்மடை வாக்குமூலத்திலை அப்பிடித்தானே கிடக்கு! வாழையிலை கயிறு கட்டி இறங்கி, கிணத்துக் கல்லிடுக்கிலை கத்தியை ஒளிச்சனீராம். அங்கை கத்தியும் இல்லை. நீதவானும் கவனிக்கேல்லை, உம்மடை வக்கீலும் கவனிக்கேல்லை. நான் கவனிச்சன்!"

செபநாயகம் கடற்கரைக் குருநகர்க்காரர். வாழையைச் சந்தையில் குலையாகப் பார்த்ததோடு சரி. அந்த வாழை விஷயமும் போன கிழமைதான் ஒரு தோட்டக்காரர் சொல்லித் தெரிந்தது. மாதம் ஒன்றாக எண்பது நாவல் எழுதித் தள்ளியவர். பாதிக் கதைகள் அவருக்கே மறந்துவிட்டன. உண்மை வழக்கு ஒன்று கையில் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

"தோட்டக்காரன் உப்பிடிச் சொல்லவே மாட்டான். வாழையைத் தொட்டும் பாக்காத ஆரோ ஒரு மடையன் எழுதினதைத்தான் நீர் ஒப்புவிச்சிருக்கிறீர். அவனைக் கோட்டுக் கூண்டிலை ஏத்தினால் உம்மிலை பிழையில்லையெண்டு ஊருக்கே விளங்கும்."

"அவரை விடுங்கோ சேர். அவர் வேணுமெண்டு செய்யேல்லை."

"ஆளைத் தெரியுமோ? தெரிஞ்சும் இரக்கப்படுறீரோ? உம்மடை பிள்ளையை யோசியும்!"

மகள் தனுசியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கொலைகாரனின் மகள் என்று அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் குழம்பி நின்றுபோயிருந்தன. அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்த சிவரூபனுக்குக் கண் கலங்கியது. எழுந்து அலுமாரியைத் திறந்து, முன்னட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்தான்.

"எப்பிடிச் செய்தனி, எப்பிடிச் செய்தனி எண்டு பொலிசிலை கேட்டுக் கேட்டு அடிச்சாங்கள், சேர். செய்யாத எனக்கு என்ன தெரியும்? அந்தக் கிழமை வாசிச்ச கதையைச் சொன்னன். அடியை நிப்பாட்டினாங்கள். பயத்திலை நீதவானுக்கும் அதையே சொன்னன்."

"இதை ஏன் வக்கீலிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னனான். கதையைப் பாத்துத்தான் கொலை செய்தவன் எண்டு அதையும் உன்ரை தலையிலை கட்டிவிடுவாங்கள் எண்டார்."

மடித்திருந்த பக்கத்தில், கொலையாளி வாழை மரத்தில் கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். செபநாயகம் துள்ளி எழுந்து பேனையைத் திறந்தார்.

"எழுதின மடையன்ரை பேரைச் சொல்லும்!"

சிவரூபன் புத்தகத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினான்.

"கோட்டிலை வந்து சொல்லுவியளோ, சேர்?"

பின்னட்டையில், தலை நரைக்காத செபநாயகம் சிரித்துக்கொண்டிருந்தார்.