இயலினியின் முதல் முட்டை

செண்பகவல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பி, அடுப்படியில் வைத்திருந்த செல் வளர்ப்புப் பெட்டியைத் திறந்து கண்ணாடித் தட்டைப் பார்த்தாள். அதில் வளர்ந்தவை அவளுடைய எட்டு வயது மகள் இயலினியின் ஈரல் செல்கள். புரதத்தைக் கையாளும் ஒரு நொதி பிறவியிலேயே அவற்றில் கிடையாது. அதனால் பருப்பு, முட்டை, கறி எதுவும் அவளுக்கு ஆகாது. அவள் ஏங்கிவிடக் கூடாதென்று வீட்டில் வேறு யாரும் அவற்றைத் தொடுவதில்லை.

அந்த நொதிக்கான மரபணுவைச் சுமந்த வைரஸை ஆஸ்பத்திரியில் சிறு குப்பியில் தந்திருந்தார்கள். முந்தின நாள் செண்பகவல்லிதான் அதைச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் விட்டாள். நொதி சுரந்தால் தட்டிலுள்ள நீர் மஞ்சளாகும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது அது மஞ்சளாக மாறியிருந்தது.

"என்னங்க, சுரந்துருச்சு," என்றாள். கணவன் முருகவேள் நம்பாமல் மறுபடியும் மறுபடியும் எட்டிப் பார்த்தான்.

அந்தச் செல்களை ஆஸ்பத்திரியில் இயலினியின் உடம்புக்குள் திரும்பச் செலுத்தினார்கள். ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்ததும், "இனி எல்லாம் குடுங்கம்மா," என்றார் டாக்டர்.

அன்றைக்கே செண்பகவல்லி முட்டை அவித்தாள். இயலினி ஒரு வாய் கடித்துவிட்டு, "நாத்தமடிக்குதும்மா, வேணாம்," என்று தட்டைத் தள்ளினாள்.

முருகவேளுக்கு முகம் வாடிவிட்டது. செண்பகவல்லிக்கோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மகளிடம் "சாப்பிடாத" என்று சொல்லியே பழகிய வாய் அவளுடையது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மற்ற அம்மாக்களைப் போலவே குரலை உயர்த்தினாள்.

"மரியாதையா முழுசையும் தின்னுட்டு எந்திரி."