சுவரைப் பார்த்த பெஞ்சு

முப்பத்தாறு கிலோ என்று நர்ஸ் அடுத்த அறைக்கும் கேட்கும்படி சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்லி மறுபடி பார்த்தாள். முப்பத்தைந்தே முக்கால்.

எடை மிஷினிலிருந்து இறங்கிய இசைவாணி, ஏதோ தப்புப் பண்ணியவள் மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முனியராஜ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பிள்ளையில்லை என்று டாக்டரிடம் வந்தால் ஆம்பிளைக்கு அது ஒன்றுதான் வேலை என்பது அவன் நினைப்பு.

கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு பேருக்கும் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவனுக்கு ஒரு கம்பெனி, அவளுக்கு இன்னொன்று. ஊருக்குத் தெரிய வேண்டாமே என்று சாத்தூர் வரைக்கும் பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

அவன் அம்மா ஆவுடைத்தாய் இருக்கன்குடிப் பக்கம் வேறொரு பெண்ணைப் பார்த்தே வைத்துவிட்டாள். குறை இவளிடம்தான் என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போகத்தான் முனியராஜ் வந்திருந்தான். அது இசைவாணிக்கும் தெரியும்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். இரண்டு பேருடைய ரிப்போர்ட்டையும் புரட்டினார். கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று கேட்டார்.

பதினாலு மாதம் ஆகிறது என்று இசைவாணி தரையைப் பார்த்துச் சொன்னாள். கந்தகச் சூடு என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்ல, அவளும் அப்படியே நம்பியிருந்தாள்.

கர்ப்பப்பையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டரம்மா. முனியராஜுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

உடம்பில் இருக்கிற கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம். ஒன்றைச் சுரந்து மூளைக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்குமாம், இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, இன்னொரு உயிரையும் தாங்கலாம் என்று. அதற்கு லெப்டின் என்று ஒரு பேர் சொன்னார். அவன் காதுக்கு அது சீசனுக்குப் புதுசாக வந்த வெடியின் பேர் மாதிரி இருந்தது.

கொழுப்பு கரைந்துபோனால் தகவலும் நின்றுவிடும். வீட்டில் பஞ்சம் என்று மூளை நினைத்துக்கொள்ளும். பிள்ளை பெறுகிற வேலையைத்தான் முதலில் நிறுத்தும்.

"மருந்தெல்லாம் அப்புறம். முதல்ல இவங்களுக்குச் சாப்பாடு. ராத்திரி என்ன சாப்பிடுறாங்க?"

கேள்வி அவனிடம்.

சோறு என்றான். எவ்வளவு என்றார். அவன் இசைவாணியைத் திரும்பிப் பார்த்தான்.

ஆறு வருஷத்தில் அவள் சாப்பிட்டு அவன் பார்த்ததில்லை. அவனும் அம்மாவும் கை கழுவிய பிறகுதான் அவள் அடுப்படியில் உட்காருவாள். பானையில் என்ன மிஞ்சியது என்று அவன் எட்டிப் பார்த்ததும் இல்லை.

சனி ஞாயிறிலாவது நன்றாகச் சாப்பிடுவார்களா என்று டாக்டரம்மா கேட்டார்.

சனிக்கிழமை என்றதும் அவனுக்கு வியர்த்துவிட்டது.

சனிக்கிழமை சம்பளம். கம்பெனி விட்டதும் நேரே ரயில்வே கேட் பக்கத்திலுள்ள மாரிக்கண்ணன் கடைக்குப் போவான். அங்கே ரோட்டைப் பார்த்து ஒரு பெஞ்சு, சுவரைப் பார்த்து ஒரு பெஞ்சு. அவன் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவான். ஐந்து எண்ணெய்ப் பரோட்டா, ஒரு ஆம்லெட், சால்னா இரண்டு தடவை.

பார்சல் வாங்கியதில்லை. ஒரு தடவை வாங்கிவிட்டால் அப்புறம் வாராவாரம் வாங்க வேண்டியிருக்குமே.

வாயைக் கொப்பளித்து, பாக்கு ஒன்றைப் போட்டு, வீட்டுக்குப் போய்ப் பசித்தவன் மாதிரி உட்காருவான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அதனால் அவள் போட்ட சோற்றையும் தின்று தீர்ப்பான். சந்தேகம் வரக் கூடாது என்று மறுசோறு கேட்டு வாங்கியும் தின்றிருக்கிறான்.

அது யார் சோறு என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன.

டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அவன் அவர் தலைக்கு மேல் தொங்கிய 2006 காலண்டரைப் பார்த்தான். சிவகாசியில் அச்சடித்ததுதான். தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தான்.

இசைவாணிதான் பதில் சொன்னாள்.

"சனிக்கிழமையானா இவுக பரோட்டா வாங்கிக் குடுப்பாக, டாக்டரம்மா. கேட் பக்கத்துல மாரிக்கண்ணன் கடையில. அஞ்சு எண்ணெப் பரோட்டா, ஒரு ஆம்லெட்டு. சால்னா ரெண்டு தடவ கேட்டு ஊத்திக்கிடுவோம்."

டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது. பரவாயில்லையே என்று முனியராஜைப் பார்த்துச் சிரித்தார். சனிக்கிழமை கவனிக்கிற மாதிரியே மற்ற நாளும் மனைவியைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார். உடம்பு தேறினால் எல்லாம் தானாகத் திரும்பி வரும் என்றார்.

அவன் தலையை ஆட்டினான். குனிந்த தலையை அப்புறம் நிமிர்த்த முடியவில்லை.

வெளியே வந்ததும் அவளிடம் ஒன்று கேட்க வாயெடுத்தான். அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்காமலே அவனுக்கு விளங்கிவிட்டது.

அவளை ஏற்றிவருகிற கம்பெனி வேனுக்கும் அந்த ரோடுதான். சனிக்கிழமை சாயங்காலம் அது வரும் நேரமும் ரயில் வரும் நேரமும் ஒன்று. கேட் மூடியிருந்தால் வேன் பத்து நிமிஷம் கடைக்கு எதிரிலேயே நிற்கும், வேலை முடிந்து பசியோடு வருகிற இருபது பெண்களோடு.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது என்று ஆறு வருஷமாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.