உடையாத தொட்டி

"உடையாதுன்னா நிஜமாவே உடையாதா? சும்மா கடைக்காரப் பேச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

வண்ணமீன் கடைக்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அக்ரிலிக் சார், கண்ணாடி மாதிரி இருக்கிற கெட்டி பிளாஸ்டிக். மேசை மேலேர்ந்து தள்ளி விட்டாலும் ஒண்ணும் ஆகாது. தட்டிப் பாருங்க."

அண்ணன் விரலை மடக்கித் தட்டினார். நாலு பக்கமும் தட்டினார். வீடு வாங்குகிறவர்கூட அவ்வளவு தட்டியிருக்க மாட்டார்.

தங்கை அங்கே நிற்கவில்லை. பக்கத்துத் தட்டில் இருந்த கண்ணாடித் தொட்டி மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளைக்கு முன் ஒரு பெட்டியோடும், பிளாஸ்டிக் டப்பாவில் ஒற்றைத் தங்கமீனோடும் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். மீன் அன்று காலை வரை குளியலறை வாளியில் குடியிருந்தது. அண்ணி குளிக்கப் போகும்போதெல்லாம் வாளியைப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தாள்.

"எனக்குக் கண்ணாடியே போதும்ணா."

"ஆரம்பிச்சுட்டா! எங்க வீட்ல இவ பேர் என்ன தெரியுமா சார்? டமால். ஏழு வயசுல தண்ணி ஜக்கைப் போட்டு உடைச்சா, அன்னிக்கு வெச்ச பேரு. இப்ப முப்பத்து நாலு ஆகுது. போன தொட்டியும் டமால்!"

கடைக்காரர் மரியாதைக்குச் சிரித்தார். "வீட்ல சின்னப் பசங்களாம்மா? பந்து கிந்து பட்டுதா?"

"பசங்க இல்ல..."

"கை தவறிடுச்சு," என்று முந்திக்கொண்டார் அண்ணன்.

கடைக்காரர் கொஞ்சம் நியாயஸ்தர். இரண்டு மடங்கு விலைக்கு விற்க வாய்ப்பு வந்தும் மனசு கேட்கவில்லை.

"சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க சார். ரெண்டடித் தொட்டிக்குக் கண்ணாடிதான் நல்லது. அக்ரிலிக் உடையாது, வாஸ்தவம். ஆனா கீறல் விழும். பாசியைத் தேய்க்கும்போது ஒரு மணல் மாட்டினாப் போதும், கோடு நின்னுடும். நாளாக ஆக மங்கிடும். கண்ணாடி பத்து வருஷம் ஆனாலும் பளிச்சுன்னு இருக்கும். ஒரே ஒரு தொல்லை, கனம். தண்ணி ரொப்பிட்டா வெச்ச இடத்தை விட்டு நகர்த்த முடியாது."

"அதான் வேணும்," என்றாள் தங்கை அவசரமாக. "அண்ணா, உங்க ஹால்ல ஜன்னல் ஓரம் காலியாத்தானே கிடக்கு? அங்கயே வெச்சுடலாம். தண்ணி மாத்தறது, தொடைக்கிறது எல்லாம் நானே பார்த்துக்கறேன். அண்ணிக்கு ஒரு வேலை வைக்க மாட்டேன். சமையல், துணி எல்லாம் நானே..."

மீனுக்கு மட்டும் அவள் இடம் கேட்கவில்லை என்பது அண்ணனுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

"உன் வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் ஹால் எதுக்கு? அக்ரிலிக்னா லேசு. மடியில வெச்சுக்கிட்டே போயிடலாம்."

அவருடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் குரலில் சர்க்கரை ஏறியது.

"சொல்லுங்க மாப்ளை! சாப்டீங்களா?... ஆறு மணிக்கு டாண்ணு கொண்டாந்து விட்டுடறேன்... சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவளும் உங்க நினைப்பாத்தான் இருக்கா."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இவ வீட்டுக்காரர். தங்கமான மனுஷன். இவ இல்லாம ஒரு வாய் காபி இறங்கலையாம்."

தங்கை கண்ணாடித் தொட்டி மேலிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"அக்ரிலிக்கே போடுங்க சார்," என்றார் அண்ணன். "விலை கிடக்கட்டும். என் தங்கச்சிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்?"

கடைக்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. கூழாங்கல் ஒரு பையும், மீன் தீனி ஒரு பொட்டலமும் இலவசமாக வைத்துக் கட்டினார். "இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்மா. என் கூடப் பிறந்ததும் ஒண்ணு இருக்கே!"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

காரில் ஏறியதும் தொட்டியை அவள் மடியில் வைத்தார் அண்ணன். நிஜமாகவே லேசாக இருந்தது. தங்கமீன் மறுபடி பழைய டப்பாவுக்குள் போய், அவள் காலடியில் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியைக் காலையிலேயே டிக்கியில் ஏற்றிவிட்டிருந்தாள் அண்ணி.

"அண்ணா," என்றாள். "ஹால் வேண்டாம்ணா. மாடிப்படிக்குக் கீழ ஒரு பாய் போட்டுப் படுத்துக்கறேன். யார் கண்ணுலயும் பட மாட்டேன். என்னை மறுபடி அங்க அனுப்பாதீங்கண்ணா. பயமா இருக்கு."

அண்ணன் சாவியைத் திருகாமல் அவளைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"பைத்தியம்! உன்னை அப்படியே விட்டுடுவேனா? கண்ணாடி வேண்டாம்னு எதுக்கு ஒத்தைக் கால்ல நின்னேன்? இனிமே மாப்ளை கோவத்துல தொட்டியைத் தூக்கி உன் தலையில அடிச்சாக்கூட, போன தடவை மாதிரி பதினாலு தையல் எல்லாம் விழாது."