பொம்மையின் பெயர்

நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கான அந்த ரப்பர் பொம்மைக்குக் கால்கள் இல்லை. வகுப்பறைத் தரையில் அதைக் கிடத்திவிட்டு நர்ஸ் தமயந்தி சொன்னாள்: "யாராவது சுருண்டு விழுந்தா, முதல்ல தோளத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடணும். பதில் வரலேன்னாதான் நெஞ்சுல கை வைக்கணும்."

எஸ்தர் மண்டியிட்டாள். "இதுக்கு என்ன பேரு சிஸ்டர்?"

மற்ற பள்ளிகளில் தமயந்தி வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடுவாள். இந்தப் பள்ளி மைதானத்தில்தான் போன வருடம், இதே பிள்ளைகளோடு ஓடிய அவள் மகள் விழுந்தாள். இதயம் நின்றதை வலிப்பு என்று நினைத்து, கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மதிவதனி" என்றாள்.

எஸ்தரின் கை ஒருகணம் தயங்கியது. பிறகு பொம்மையின் தோளைத் தட்டினாள். "மதிவதனி! மதிவதனி!"

"உள்ளேன் ஐயா."

கடைசி பெஞ்சில் பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள். மதிவதனி தாமதமாக வரும் காலைகளில், வாத்தியார் பெயர் கூப்பிடும்போது அவளுக்காகக் குரல் கொடுத்தே பழகியவள். யாரும் சிரிக்கவில்லை. பதில் வந்துவிட்டதே, இனி அழுத்தலாமா என்று தெரியாமல் எஸ்தர் கைகளை அந்தரத்திலேயே வைத்திருந்தாள்.

தமயந்தி கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொம்மையின் முகத்தையே பார்த்தபடி சொன்னாள்: "இன்னொரு தடவ கூப்பிடும்மா."