பெரியவர் வீடு திரும்பினார்

“ஒரு மனுஷனோட தலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, டிக்கெட் போட்டு ஊருக்கே காட்டுறீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?”

லாயாங் கேட்ட கேள்வியில் அருங்காட்சியகத்து வெள்ளைக்கார அம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை.

லாயாங் மலேசியாவின் சரவாக்கில் எங்கள் நீளவீட்டின் தலைவர். ஆற்றங்கரையில் ஒரே கூரைக்கு அடியில் முப்பது குடும்பம் நாங்கள். அவருடைய அப்பா காலத்தில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த துரை ஒருவர், போகும்போது நாங்கள் பெரியவர் என்று அழைக்கும் அந்த மண்டை ஓட்டையும் கொண்டுபோய்விட்டார். அதைத் திருப்பிக் கேட்கத்தான் மூன்று விமானம் மாறி வந்திருந்தோம்.

ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கிறதே என்று அந்த அம்மாள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். லாயாங் விடுகிற ஆளா?

“இந்தக் குளிர்ல அவருக்குப் பக்கத்துல ஒரு அடுப்பு உண்டா? ஒரு கவளம் சோறு உண்டா? உங்க அப்பா தலைன்னா இப்படிப் போட்டு வெப்பீங்களா?”

அம்மாள் அழுதே விட்டாள். மன்னிப்புக் கேட்டு, பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

பெரியவர் வீடு திரும்பிய அன்று பன்றி வெட்டினோம். அரிசிக் கள்ளுக்குக் கணக்கே இல்லை. லாயாங் சேவலைப் பிடித்து அவருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, சோறும் முட்டையும் படைத்து, பிரம்புக் கூடையில் வைத்துப் பொதுக்கூடத்து அடுப்புக்கு மேலே மற்ற தலைகளோடு வரிசையாகத் தொங்கவிட்டார். எல்லோருக்கும் மனசு குளிர்ந்தது.

விருந்துக்கு வந்தவர்களில் ஹுனாய் என்று கயான் இனத்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். மேலாற்றுக்காரி. பேப்பரில் செய்தி பார்த்துவிட்டுப் படகேறி வந்தாளாம். ஒரு சுருட்டைப் பற்றவைத்துப் பெரியவரின் பல்லிடுக்கில் செருகி, அவள் பாஷையில் என்னவோ சொன்னாள். பிறகு லாயாங் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, அது எங்க முப்பாட்டன். உங்க கொள்ளுத்தாத்தா வெட்டி எடுத்துட்டு வந்தது. எங்க ஊர்ல உடம்பு மட்டும்தான் அடக்கமாகியிருக்கு. குடுத்தீங்கன்னா சேர்த்து வெச்சிருவோம்.”

அவள் சொன்னது பொய்யென்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்தத் தலையை வெட்டிய கதையைத்தான் ஒவ்வொரு அறுவடைத் திருநாளிலும் பேர் சொல்லிப் பாடுகிறோமே. அருங்காட்சியகத்து அம்மாள் இதையெல்லாம் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

லாயாங் கோபப்படவில்லை. கள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகவே சொன்னார்.

“இதோ பாரும்மா. எங்க கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா மூணு பேரும் அவருக்குச் சோறு போட்டிருக்காங்க. குளிரக் கூடாதுன்னு அடுப்பு அணையாமப் பாத்திருக்காங்க. அவர் இருந்த வரைக்கும் எங்க நெல்லு பொய்க்கல. இப்ப அவர் உங்க ஆளு இல்ல, எங்க வீட்டுப் பெரியவர். வீட்டுப் பெரியவரைத் தூக்கிக் குடுன்னா எப்படிக் குடுப்பேன்?”

சுற்றி இருந்தவர்கள் சரிதானே என்று தலையாட்டினோம். நானும்தான்.

ஹுனாய் வாதாடவில்லை. கொண்டுவந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சரி மாமா. எங்க அப்பாவும் அச்சு அசலா இதையேதான் சொல்றார். நீங்க குடுத்தா அவர் மனசு மாறும்னு நினைச்சுதான் வந்தேன். உங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி, எங்க வீட்டு அடுப்புக்கு மேலதான் தொங்குறார்.”